ஐந்து மணி அலாரமா, மதிய இடைவேளையா: கைக்குழந்தை வீட்டில் மாரத்தான் பயிற்சி

மகள் பிறந்த மூன்றாவது வாரம், பழையபடி நாலேமுக்காலுக்கு அலாரம் வைத்தேன். அது அடிக்கத் தேவையே இல்லாமல் போயிற்று. நாலரைக்கே அவள் எழுப்பிவிட்டாள். மனைவி பால் கொடுத்துவிட்டுச் சாய்ந்தார். ஏப்பம் வரட்டும் என்று நான் தோளில் போட்டு நடந்தேன். ஒருவழியாகத் தொட்டிலில் கிடத்தி, இருட்டில் ஷூவைத் தடவி எடுத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தியபோது மணி ஐந்தரை. ஏழு கிலோமீட்டர் ஓடினேன். அன்று பிற்பகல் மீட்டிங்கில் இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் என் பெயரே எனக்குக் கேட்டது.

வேலைக்கும் போய்க் கைக்குழந்தையும் வைத்திருப்பவருக்குப் பயிற்சி நேரம் கிடைக்கிற இடங்கள் நாலுதான்: விடிகாலை, மதிய இடைவேளை, குழந்தை தூங்கிய பிறகு இரவு, அல்லது குழந்தையையே வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுவது. எதில் எத்தனை நிமிடம் தேறும் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். அந்த நிமிடங்கள் யார் கணக்கில் கழிகின்றன என்பதை வைத்து நான் ஒப்பிடுகிறேன்.

விடிகாலைக்கு நல்ல பெயர் உண்டு. போன் வராது, வெயில் இல்லை, நாள் தொடங்குவதற்குள் வேலை முடிந்தது. குழந்தை இரவு முழுக்கத் தூங்கும் வீட்டில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் பச்சைக்குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விழிக்கும். ஏற்கெனவே துண்டு துண்டான தூக்கத்தில் கடைசித் துண்டையும் வெட்டித்தான் ஓடப் போகிறோம். ஓட்டம் உடம்பைக் களைப்பாக்கும். தேறுவதும் வலுவாவதும் பெரும்பாலும் தூக்கத்தில்தான். இன்னொன்றும் உண்டு. இரவெல்லாம் விழித்திருந்த இன்னொருவருக்குக் கண் அயரக் கிடைக்கும் நேரமும் அந்த ஐந்து மணிதான். நீங்கள் வெளியே போய்விட்டால் அடுத்த அழுகைக்கு எழுவது யார்? இருவர் தூக்கத்தையும் சேர்த்துச் செலவழிக்கிற ஓட்டம் அது. எல்லாத் துண்டுகளையும் கூட்டினாலும் ஆறு மணி நேரம் தூங்கவில்லை என்றால் அலாரத்தை அணைத்துவிடுவது என்று பிறகு முடிவு செய்தோம். இரண்டு மாதம் பெரும்பாலும் அணைந்தேதான் கிடந்தது.

மதியத்தை முதலில் நான் மதிக்கவே இல்லை. உடை மாற்றி, ஓடி, உடம்பைத் துடைத்து உட்காருவதற்குள் ஓட்டத்துக்கு மிஞ்சுவது முப்பது முப்பத்தைந்து நிமிடம். அது போதுமா? 1980களின் தொடக்கத்தில் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சனின் குழு ஒரு சோதனை செய்தது. பத்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று கடுமையாகப் பயிற்சி செய்தவர்களில் ஒரு பிரிவுக்கு 26 நிமிடமாகவும் இன்னொரு பிரிவுக்கு 13 நிமிடமாகவும் நேரத்தைக் குறைத்தார்கள். வேகத்தின் கடுமையைக் குறைக்கவில்லை. 15 வாரம் கழித்தும் இரு பிரிவுக்கும் விஓ2 மேக்ஸ், அதாவது உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு, இறங்கவில்லை. 13 நிமிடக்காரர்களுக்கு நீண்டநேரம் தாக்குப்பிடிக்கும் திறன் மட்டும் குறைந்தது. கடுமையைக் குறைத்துப் பார்த்தபோதோ விஓ2 மேக்ஸே இறங்கியது. ஆக, முப்பது நிமிடத்தில் செவ்வாயன்று இன்டர்வெல் (விட்டுவிட்டு வேகமாக ஓடுவது), வியாழனன்று டெம்போ (ஓரளவு கடுமையான வேகத்தில் நிற்காமல் ஓடுவது) என்று வைத்துக்கொண்டால் ஏற்கெனவே சேர்த்த உடல்திறன் பெரிதாகக் கரையாது. செலவு, மேஜையிலேயே அவசரமாக முடிக்கும் சாப்பாடு. அது என் கணக்கு மட்டும்தான்.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இந்தச் சலுகை செல்லாது. உங்கள் மதிய இடைவேளைக்காகத்தான் பக்கத்து அறையில் ஒருவர் காலையிலிருந்து குளிக்கக் காத்திருப்பார்.

இரவு, சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்தியபடியே மிதிக்க உதவும் ட்ரெயினர் வைத்திருப்பவர்களுக்குச் சரிவரும். வீட்டிலேயே இருப்பதால் அழுதால் இறங்கிவிடலாம். எனக்குப் பெரும்பாலும் வார்ம்-அப் முடியும்போது பேபி மானிட்டரில் சிவப்பு விளக்கு எரியும். தரை அதிர்வது தொட்டில் வரை போகிறது என்று கண்டுபிடித்துக் கீழே கனமான மேட் போட்டபிறகு கொஞ்சம் பரவாயில்லை. படுக்கப்போகும் நேரத்தில் கடுமையாக மிதித்தால் தூக்கம் தள்ளிப்போகும். மெதுவாக மிதிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாலில் ஸ்ட்ரோலர் ஒன்றுதான் வீட்டில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தருகிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் உடனே முடியாது. கழுத்தும் முதுகும் உறுதிப்படும்வரை, பொதுவாக ஆறு முதல் எட்டு மாதம் வரை, குழந்தையை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. சாதாரணத் தள்ளுவண்டியும் வேண்டாம்: காற்றடைத்த மூன்று பெரிய சக்கரம், ஓடும்போது பூட்டிவிடும் முன்சக்கரம், மணிக்கட்டுப் பட்டை எல்லாம் இருக்கும் ஜாகிங் ஸ்ட்ரோலர்தான் இதற்கு. வேகத்தை மறந்துவிடுங்கள். மகள் ஒரு சாக்ஸைக் கழற்றி எறிந்தால் திரும்பிப் போய்ப் பொறுக்க வேண்டும், வாட்ச் என்ன சொன்னாலும் சரி.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு அப்பாவின் கணக்கு. பிரசவித்தவருக்குத் தொடக்கக் கோடே வேறு. பிரிட்டனில் பிசியோதெரபிஸ்ட்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, பிரசவத்துக்குப் பிறகு 12 வாரம் வரை ஓட வேண்டாம் என்கிறது. அதன் பிறகும் இடுப்புத்தளத் தசைகளைப் பரிசோதித்துவிட்டே தொடங்கச் சொல்கிறது. 2007 ஜனவரியில் பெண் குழந்தை பெற்று நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்ற பிரிட்டிஷ் வீராங்கனை பாலா ராட்கிளிஃபை உதாரணம் காட்டுபவர்கள், ஓடுவதுதான் அவருடைய தொழில் என்பதைச் சொல்வதில்லை. கால்நடை மருத்துவரான ஜாஸ்மின் பாரிஸ் நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறார். 2019இல் பிரிட்டனின் மலைப்பாதைகளில் நடக்கும் 268 மைல் ஸ்பைன் ரேஸை 83 மணி 12 நிமிடத்தில் முடித்து எல்லோரையும் முந்தியவர், வழியில் செக்பாயிண்டுகளில் நின்று மகளுக்காகத் தாய்ப்பால் எடுத்துவைத்துவிட்டுத்தான் ஓடினார்.

மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை லாங் ரன், வாரத்தின் மிக நீண்ட ஓட்டம். மூன்று மணி நேர ஓட்டம் என்பது வீட்டுக்கணக்கில் ஐந்து மணி நேரம். குளியலும், சாப்பாடும், சோஃபாவில் பிணம்போல் கிடப்பதும் சேர்த்தி. அதை உடைத்து சனி மாலை ஒரு மணி நேரம், ஞாயிறு காலை களைத்த காலோடு ஒன்றரை மணி நேரம் என்று ஓடிப் பார்த்தேன். அரை மாரத்தானுக்கு இது தாராளம். 42.195 கிலோமீட்டருக்கு நிஜமான லாங் ரன் சிலவாவது வேண்டும் என்பதால், முழு மாரத்தானுக்குப் பதிந்திருந்த பெயரை அரை மாரத்தானுக்கு மாற்றிக்கொண்டேன்.

மகளுக்கு இப்போது ஒன்பது மாதம். செவ்வாயும் வியாழனும் என் மதிய ஓட்டம், சனிக்கிழமை ஸ்ட்ரோலர். ஞாயிறு காலை மனைவியின் முறை. போன வாரம் பத்து கிலோமீட்டர் போகிறேன் என்று கிளம்பியவர், பதினான்கு முடித்துவிட்டு வந்தார்.