4,800 ரூபா ஊதுகருவியும் மூன்று கரம் ஆட்டமும்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். குடித்தவர் ஊதினால் இரத்தத்தில் எவ்வளவு மதுசாரம் என்று காட்டும், சட்டைப் பைக்குள் அடங்கும் கறுப்புக் கருவி. இரண்டு சின்னப் பற்றரி. திரையில் எண் இறங்கி முடிந்து பீப் என்றதும் ஐந்து செக்கன் விடாமல் ஊத வேண்டும். 0.02க்குக் கீழே பச்சை, மேலே மஞ்சள், 0.08இல் சிவப்பு.

முதல் நாள் வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில், சாராயமும் கடலையுமாக, நண்பர்கள் கையில் அது விளையாட்டுச் சாமானாகிவிட்டது. யாருக்குக் கூட வருகிறது என்று போட்டி. மிடறு இறங்கிய கையோடு ஊதியதால் எல்லாருக்கும் 0.20ஐத் தாண்டியது. அது வாயில் நிற்கும் மதுசாரத்தின் அளவு, இரத்தத்தில் உள்ளதல்ல. வாயைக் கொப்பளித்து இருபது நிமிடம் பொறுத்துத்தான் ஊத வேண்டும். கூட வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைக்காரருக்கும் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை தனியே உட்கார்ந்து ஒழுங்காகச் சோதித்தேன். ஒன்றரை மணித்தியாலத்தில் 50 மில்லி வீதம் மூன்று. பொறுத்திருந்து ஊதினால் 0.06, உடனே திரும்ப ஊதினால் 0.07. மஞ்சள்தான். எனக்கோ ஒன்றும் ஏறின மாதிரி இல்லை. மகள் கரம் போர்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்குப் பதினொரு வயது, வழமையாக நான்தான் விட்டுக் கொடுப்பேன். அன்று ஸ்ட்ரைக்கரையே மூன்று தரம் குழிக்குள் அனுப்பினேன். போர்டு ஈரம் என்று சொல்லிப் பவுடர் கேட்டேன். “பவுடர் போட்டுத்தான் இருக்கு, அப்பா” என்றாள். மூன்று ஆட்டமும் அவளுக்கே. கை பிந்தியதைவிட, பிந்துகிறது என்பதே எனக்குத் தெரியாமல் போனதுதான் உறைத்தது.

அந்த நிலையில் நான் காலி வீதியில் காரை எடுத்திருந்தாலும் சட்டப்படி அளவுக்குள்தான் இருந்திருப்பேன். இங்கே இலங்கையில் எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம், அதாவது கருவியில் 0.08. கருவி சீனாவில் செய்தது, அதன் விளக்குகளும் அந்த நாட்டுக் கணக்கு. அங்கே 20 வந்தாலே ஆறு மாதம் லைசன்ஸ் போகும், 80 என்றால் 2011 முதல் மறியல் வரை போகக்கூடிய குற்றம். இந்தியாவில் 30. ஸ்கொட்லாந்து 2014 டிசம்பரில் 80ஐ 50 ஆக்கியது. நமக்கு மட்டும் ஏன் இந்தத் தாராளம்? 20 என்று வைத்தால் இருமல் மருந்து குடித்தவனையும் பிடிப்பார்கள் என்கிறார் மச்சான். சரி, அந்த மணம் வாயை விட்டுப் போகும்வரை பொறுத்து இன்னொரு தரம் ஊதட்டுமே. எனக்கு 20 சம்மதம். குறைந்தது 50ஆவது ஆக்க வேண்டும்.

காசு பெறுமதியானது காலையில்தான். ஒரு கலியாண வீட்டில் நள்ளிரவு தாண்டிக் குடித்துவிட்டு, அடுத்த நாள் ஆறரைக்கு மகளைப் பள்ளிக்கூடம் ஏற்ற முன் ஊதிப் பார்த்தேன். 0.03. குளித்து, இரண்டு கோப்பை கோப்பியும் குடித்தாயிற்று, ஆனாலும் மஞ்சள். உடம்பு மணிக்குச் சுமார் 0.015தான் கழிக்கும், கோப்பியால் அது வேகமாகாது. ஆட்டோ பிடித்து அனுப்பினேன்.

குறைகள் உண்டு. ஒரே ஆள் அடுத்தடுத்து ஊதினாலும் எண் கொஞ்சம் மாறுகிறது. மலிவு சென்சர், காலப்போக்கில் பிழை கூடும், திருத்தித் தரக் கடையில் வசதியில்லை. 0.07 வந்தால் போகலாம் என்று நினைப்பவர் இதை வாங்கவே வேண்டாம். பச்சையா இல்லையா என்று பார்க்க மட்டும் போதும். ஊதும் குழாய் ஒன்றுதான் தருகிறார்கள், மேலதிகமாக நான்கைந்து கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒன்றையும் மகள் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள்.