கீமேப் எழுத விம்ஸ்கிரிப்டா, லூவாவா?

விம், நியோவிம் என்ற டெக்ஸ்ட் எடிட்டர்களுக்கான என் கான்ஃபிக் (அமைப்பு ஃபைல்) முழுவதையும், நியோவிம் ஏற்கும் லூவா மொழிக்கு மாற்றிவிடலாமா என்று கொஞ்ச காலம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். கீமேப்களும் (எந்தக் கீயை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் வரிகள்) சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்களும், விம்மின் சொந்த மொழியான பழைய விம்ஸ்கிரிப்டிலேயே இருக்கும். நியோவிம்முக்கு மட்டுமே உரிய சில வரிகள் தனியாக ஒரு லூவா ஃபைலில்.

மொழி என்று பார்த்தால் லூவாதான் ஜெயிக்கும், அதில் வாதாட ஒன்றுமில்லை. விம்ஸ்கிரிப்டில் இரண்டு ஸ்ட்ரிங்குகளை இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால், விடை, பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசத்தைப் பார்க்காதே என்று சொல்லும் 'இக்னோர்கேஸ்' ஆப்ஷன் ஆனில் இருக்கிறதா ஆஃபில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். இதைக் கேட்டுச் சிரிக்காத புரோகிராமரை நான் பார்த்ததில்லை. லூவாவில் 0.7 பதிப்பிலிருந்து, கீமேப்புக்கு ஒரு ஃபங்ஷனை அப்படியே கொடுக்கலாம். ஒரு மேப் இன்னொரு மேப்பைக் கூப்பிட்டுச் சுழலில் மாட்டுவதும் இல்லை. விம்ஸ்கிரிப்டில் அதற்கு 'மேப்' என்று எழுதாமல் 'நோரீமேப்' என்று எழுதும் பழக்கம் கைக்கு வர வேண்டும். வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஐம்பது மேப் வரிகளுக்கு எந்த மொழியானாலும் வித்தியாசம் தெரியாது.

என்னைப் பழைய பக்கம் இழுத்தது பராமரிப்பு. மேப் எழுதுவது ஒரு சாயங்கால வேலை. அதன் பிறகு வருஷக்கணக்கில் விரல் அதையே நம்பி ஓடுகிறது.

நியோவிம் 2014இல் விம்மிலிருந்து பிரிந்தது, 0.11 பதிப்பு வந்த பிறகும் 1.0ஐத் தொடவில்லை. அதனால் பெயர்களை மாற்றும் சுதந்திரத்தை அவர்கள் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 'விம்.லூப்' என்று இருந்தது 0.10இல் 'விம்.யூவி' ஆனது. எல்எஸ்பி (புரோகிராமிங் மொழிக்கான சர்வரோடு எடிட்டர் பேசும் முறை) வழியாக ஃபார்மேட் செய்யும் ஃபங்ஷனின் பெயர் 0.8இல் மாறியது. எச்சரிக்கை கொடுத்து, அவகாசம் விட்டுத்தான் மாற்றுகிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் திருத்த வேண்டியது நாம்தான்.

கீமேப்பில் இது இன்னும் நுணுக்கமாகக் கடிக்கும். 'ஜி-ஆர்' என்ற இரண்டு கீயை, ஒரு பெயர் எங்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்று காட்ட மேப் செய்து வைத்திருந்தவர்கள் ஏராளம். 0.11இல் ஜி-ஆர்-என், ஜி-ஆர்-ஆர், ஜி-ஆர்-ஏ எல்லாம் எடிட்டரின் சொந்த மேப்களாக வந்துவிட்டன. இப்போது ஜி-ஆர் அழுத்தினால் மூன்றாவது கீ வருமா என்று எடிட்டர் காத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் 'டைம்அவுட்லென்' ஆப்ஷனின் இயல்பு மதிப்பு 1000 மில்லிசெகண்ட், அதாவது முழுசாக ஒரு செகண்ட். பிழைச் செய்தி எதுவும் வராது, எடிட்டர் மந்தமானது போலத்தான் தோன்றும். அந்த பஃபருக்கு (திறந்திருக்கும் ஒரு ஃபைலுக்கு) மட்டுமான மேப் என்றால் 'நோவெயிட்' சேர்த்தால் தீரும். பொதுவான மேப் என்றால் புதிதாக வந்தவற்றை நீக்க வேண்டும். இந்த மோதல் எந்த மொழியில் எழுதினாலும் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கண்டுபிடிக்கும்போது வித்தியாசம் தெரிகிறது: 'வெர்போஸ் மேப்' கொடுத்தால், விம்ஸ்கிரிப்ட் மேப் எந்த ஃபைலில் எந்த வரியில் எழுதப்பட்டது என்று காட்டும். லூவா மேப் என்றால் 'லூவாவிலிருந்து' என்பதோடு நின்றுவிடும். வரி எண் வேண்டுமென்றால் எடிட்டரை வி-1 ஆப்ஷனோடு மறுபடி திறக்க வேண்டும்.

சின்ன ஸ்கிரிப்டுக்கு விம்ஸ்கிரிப்ட் போதுமா என்றால், போதும். வரிக்கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்று ஸ்பேஸ்களை அழிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் சப்ஸ்டிட்யூட் (தேடி மாற்றும்) கமாண்டை மேப் செய்தால் கர்சர் கடைசியாக மாறிய வரிக்குத் தாவிவிடும், முன்பு தேடிய சொல்லும் போய்விடும். கர்சர் இருந்த இடத்தைக் காப்பாற்ற முன்னால் 'வின்சேவ்வியூ', பின்னால் 'வின்ரெஸ்ட்வியூ', தேடிய சொல்லைக் காப்பாற்ற கமாண்டுக்கு முன் 'கீப்பேட்டர்ன்ஸ்'. அவ்வளவுதான், ஐந்தாறு வரி. விம், நியோவிம் இரண்டிலும் அப்படியே ஓடும்.

2022இல் விம் 9.0 கொண்டுவந்த விம்9 ஸ்கிரிப்ட் வேகமானது, எழுதவும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் நியோவிம் அதை ஏற்காது. இரண்டிலும் ஓட வேண்டும் என்பதும் என் காரணங்களில் ஒன்று என்பதால் எனக்கு உதவாது. அதே போல விம்-டைனி (வசதிகள் குறைக்கப்பட்ட விம்) மட்டும் இருக்கும் சர்வரில் என் ஃபங்ஷன்கள் எதுவும் ஓடாது, வெறும் மேப் வரிகள்தான் மிஞ்சும்.

மற்ற எடிட்டர்களைப் பார்த்தால், விஎஸ்கோடில் கீ மாற்றுவது சுலபம், அந்தக் கீ எப்போது வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் 'வென்' நிபந்தனை அருமையானது. சொந்த லாஜிக் என்றவுடன் எக்ஸ்டென்ஷன் எழுதச் சொல்லும். ஈமேக்ஸை மேலோட்டமாகத்தான் தொட்டிருக்கிறேன். ஆனாலும் அங்கே ஒரு வழக்கம் பொறாமைப்பட வைக்கிறது: கன்ட்ரோல்-சி, அடுத்து ஒரு எழுத்து என்பது பயனருக்கே ஒதுக்கப்பட்ட இடம், பேக்கேஜ்கள் அதைத் தொடக்கூடாது. ஜி-ஆர் கதை அங்கே நடக்க வாய்ப்புக் குறைவு.

நியோவிம்மில் அதன் கான்ஃபிக் ஃபைல்களான இனிட்.விம், இனிட்.லூவா இரண்டையும் ஒன்றாக வைத்தால் முரண்பாடு என்று பிழை காட்டும். எனவே இனிட்.லூவாவின் முதல் வரியிலேயே விம்ஆர்சியை (விம்மின் கான்ஃபிக் ஃபைலை) சோர்ஸ் செய்துவிடுங்கள், அதாவது படிக்கச் சொல்லிவிடுங்கள். லீடர் கீயை (சொந்த மேப்களுக்கு முன்னால் அழுத்தும் கீ) விம்ஆர்சியின் உச்சியில், எல்லா மேப்களுக்கும் முன்னால் வையுங்கள். மேப் எழுதப்படும் நொடியில் லீடர் என்னவோ, அதுதான் அந்த மேப்பில் பதியும்.