போர்க்களம் இல்லாத போர்ப்படம்: ‘தி ஹில்’ டிவிடி

போர்ப்படங்களை ஆசையாகச் சேர்க்கிறவர்களின் அலமாரியில்கூட ‘தி ஹில்’ அபூர்வமாகத்தான் தென்படுகிறது. எனக்கு அதில் பெரிய ஆதங்கம். 1965இல் வந்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் டாங்கி இல்லை, குண்டுவீச்சு இல்லை, பின்னணி இசைகூடக் கிடையாது. இரண்டு மணி நேரமும் பூட்ஸ் சத்தமும் அதட்டலும்தான்.

இரண்டாம் உலகப் போர்க்காலம். லிபியப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் ராணுவம் தன் சொந்த வீரர்களையே அடைத்துவைத்திருக்கும் சிறை. முற்றத்தின் நடுவே மணலைக் குவித்து எழுப்பிய மேடு. முதுகில் மூட்டையுடன் கொளுத்தும் வெயிலில் அதில் ஏறி இறங்க வேண்டும். அதுதான் தண்டனை.

ஜேம்ஸ் பாண்டாகப் புகழின் உச்சியில் இருந்த ஷான் கானரி, இங்கே மீசையும் ஒட்ட வெட்டிய முடியுமாக ஒரு கைதி. அவருக்காகவே இந்தப் படத்தைத் தேடுகிறவர்கள் உண்டு. என் மனதில் நின்றவர், சிறையின் சார்ஜென்ட் மேஜராக வரும் ஹாரி ஆண்ட்ரூஸ். கொந்தளித்து நிற்கும் கைதிகள் கூட்டத்தைத் தன் பேச்சாலேயே அவர் வழிக்குக் கொண்டுவரும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

டிவிடி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது படத்தின் அகலம். இயக்குநர் சிட்னி லூமெட் முதல் பகுதியை 24 மி.மீ. லென்ஸிலும், நடுப்பகுதியை 21இலும், கடைசிப் பகுதியை 18இலும் எடுத்ததாகத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இந்த எண் குறையக் குறைய லென்ஸின் பார்வை அகலும், பக்கத்தில் இருப்பது பெருத்துத் தெரியும். அதனால் கதை முற்ற முற்ற முகங்கள் நம்மை நோக்கிப் பிதுங்கி வருகின்றன. மூக்கு நுனியில் தொங்கும் வியர்வைத் துளிகூடத் தெரிகிறது. எனக்கு முதலில் கிடைத்த பிரதி, பழைய டிவி சதுரத்துக்காக இருபுறமும் வெட்டப்பட்டது. மூன்று பேர் மோதும் காட்சியில் ஒருவருடைய தோள் மட்டும்தான் மிஞ்சியது! முழு அகலப் பிரதி கையில் வந்த பிறகுதான் ஆஸ்வால்ட் மாரிஸின் ஒளிப்பதிவு என்னவென்று புரிந்தது. மணலின் வெண்மை கண்ணைக் கூச வைக்கிறது. அப்படித்தான் கூச வேண்டும். டிவியின் வெளிச்சத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

ஒலிதான் குறை. பலவிதமான பிரிட்டிஷ் உச்சரிப்புகள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். சப்டைட்டில் இல்லாத பிரதி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.