ஷிமானோ 105 ஆர்7000 பெடல்: மிச்சமாகும் காசு கிளீட்டுக்கு

2018-இல் 105 ஆர்7000 வரிசையோடு வந்த ரோடு பெடல் இது. ஜோடி எடை 265 கிராம். இதற்கு மேலே அல்டெக்ரா ஆர்8000 248 கிராம், டியூரா-ஏஸ் ஆர்9100 228 கிராம். உச்சியில் இருப்பதற்கும் இதற்கும் 37 கிராம்தான் வித்தியாசம், பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர் அவ்வளவு இருக்கும். மூன்றிலும் உடல் கார்பன் கலந்த பிளாஸ்டிக், கிளீட் (ஷூவின் அடியில் திருகி, பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டு) உட்காரும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, உள்ளே கப்-கோன் பேரிங், அதாவது கிண்ணத்துக்கும் கூம்புக்கும் நடுவே குண்டுகள் ஓடும் வகை. அமெச்சூர் ரேஸ் ஓட்டுபவர் 105-லேயே நின்றுகொள்ளலாம் என்பது எங்கள் தீர்ப்பு. காலப்போக்கில் செலவு வைப்பது கிளீட்தான், பெடல் அல்ல.

மாட்டுவதற்கு 8 எம்எம் ஆலன் கீ தேவை. அச்சில் ஸ்பேனர் பிடிக்கப் பட்டை கிடையாது, க்ராங்கின் (பெடல் மாட்டும் கை) உள்பக்கத்திலிருந்துதான் திருக வேண்டும். மரையில் கிரீஸ் தடவி, முதல் நான்கைந்து சுற்றுகளைக் கையாலேயே சுற்றுங்கள். கையால் சுற்றும்போதே இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். கீயைப் போட்டு அழுத்தினால் க்ராங்க் மரை போய்விடும். இடது பெடலுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகுவது என்பதை மறக்கவே கூடாது. முறுக்கு 35 முதல் 55 நியூட்டன் மீட்டர். க்ராங்கோடு வாஷர் வந்திருந்தால் அதையும் போட்டாக வேண்டும்.

புதுப் பெடல் முதலில் கொஞ்சம் எரிச்சலூட்டும். இதன் பின்பாகம் கனமானது. சும்மா விட்டால் மூக்கு மேலே பார்த்துத் தொங்க வேண்டும், கிளீட்டின் முன்நுனியை அதில் கொக்கி மாதிரி நுழைத்துக் கீழே அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். புதிதில் கிரீஸ் கெட்டியாக இருப்பதால் பெடல் தானாகத் திரும்பாமல், விட்ட நிலையிலேயே நின்றுவிடும். ரேஸ் தொடங்கும் கணத்தில் கால் பெடலைத் தேடுவது பெரும்பாலும் இதனால்தான். சில நீண்ட ரைடுகளில் சரியாகிவிடும். அதனால் ரேஸுக்கு முந்தைய நாள் புதுப் பெடல் மாட்டாதீர்கள்.

ஸ்பிரிங் இறுக்கத்தை 2.5 எம்எம் ஆலன் கீயால் மாற்றலாம். முதலில் இரண்டு பக்கமும் முழுக்கத் தளர்த்திவிட்டு, அங்கிருந்து 'கிளிக்' எண்ணி ஒரே அளவில் ஏற்றுங்கள். எழுந்து நின்று ஸ்பிரிண்ட் போடும்போது கால் கழன்று வராத அளவு போதும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெடலில் திடீரென்று கால் கழல ஆரம்பித்தால் ஸ்பிரிங்கை இறுக்கக் கை போகும். அதற்கு முன் ஷூவைத் திருப்பிக் கிளீட்டைப் பாருங்கள். முன்நுனி தேய்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

பெட்டியில் வருவது மஞ்சள் கிளீட், எஸ்எம்-எஸ்எச்11. குதிகால் மொத்தம் 6 டிகிரி ஆடும், சுழற்சி கிளீட்டின் நடுவை மையமாகக் கொண்டது. நீலம் 2 டிகிரி, முன்நுனியை மையமாகக் கொண்டு சுழலும். சிவப்பு ஆடவே ஆடாது. முழங்காலில் எந்தக் குறையும் இல்லாதவரும் மஞ்சளில் தொடங்குவதே நல்லது. கால் எந்தக் கோணத்தை விரும்புகிறது என்று தெரியும் முன்பே சிவப்பைப் பூட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் முழங்கால் வலியோடு ஓட்டுபவர்கள் உண்டு. லுக் என்ற இன்னொரு நிறுவனத்தின் கியோ கிளீட் இதில் பொருந்தாது. துளை அமைப்பு ஒன்றாக இருப்பதால் ஷூவில் ஏறிவிடும், பெடலில் ஏறாது.

கிளீட்டின் அடியில் உள்ள மஞ்சள் பட்டைகள் தேய்மான அளவுகோல். நடப்பதால் தேய்பவை அவை. மஞ்சள் போய் அடி நிறம் தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சிக்னலில் எந்தக் காலை ஊன்றுகிறீர்களோ அந்தப் பக்கம் முதலில் தேயும். அப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள், இல்லையென்றால் இரண்டு காலும் வெவ்வேறு விதமாகக் கழலும். மாற்றும்போது பழைய கிளீட்டைச் சுற்றி மெல்லிய மார்க்கரால் கோடு போட்டு, ஒரு ஷூவை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். போல்ட் மரையில் கிரீஸ், 4 எம்எம் கீ, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். மூன்று போல்ட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முதல் ரைடு முடிந்ததும் மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்ப்பது அவசியம். புதுக் கிளீட் அமுங்கி உட்காரும்போது போல்ட் இளகும்.

ஒவ்வொரு மிதிக்கும் 'டிக்' சத்தம் வந்தால் பேரிங்கைச் சந்தேகிக்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: கிளீட் போல்ட், க்ராங்கில் இறங்கும் மரை, கிளீட்டும் தகடும் உரசும் இடம். மூன்றாவதற்கு மணலைத் துடைத்துவிட்டு, ஒட்டாத சிலிக்கான் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்தால் போதும். எண்ணெய் போட்டால் தூசி ஒட்டி இன்னும் வேகமாகத் தேயும்.

பேரிங்தான் இந்தப் பெடலின் பெரிய பலம். ஆட்டம் கண்டால் தூக்கிப் போட வேண்டியதில்லை. அச்சை வெளியே எடுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, புதிது வைத்து, கோனையும் (கூம்பு) அதைப் பூட்டும் லாக்நட்டையும் சரிசெய்தால் திரும்பப் பழைய நிலைக்கு வந்துவிடும். கோனை ஆட்டம் போகும் வரை மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் சுற்றும்போது நறநறக்கும், குண்டுகள் ஓடும் தடம் கெட்டுவிடும்.

குறை என்றால் அச்சு நீளம். இது ஒரே அளவில்தான் வருகிறது. காலை அகலமாக வைத்து மிதிக்க வேண்டியவர்களுக்கு 4 எம்எம் நீள அச்சு அல்டெக்ராவில் கிடைக்கும். அவர்களுக்கு மட்டும் கூடுதல் காசு நியாயமானது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் வெளிமுனையில் கீறலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது விழுந்த தடயம், பெரும்பாலும் மேல்தோல்தான். அச்சு வளைந்திருக்கிறதா என்பதே கேள்வி. க்ராங்கில் மாட்டி, பெடல் உடல் புரளாதபடி லேசாகப் பிடித்துக்கொண்டு, க்ராங்கை மெதுவாக முழுச் சுற்று சுற்றுங்கள். பெடலின் வெளிமுனை மேலும் கீழும் அலைந்தால் வாங்காதீர்கள்.