அசல் நோட்டு என் பீரோவிலேயே இருந்தது

சித்தூர் கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆந்திரா சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவன் நான். 2022 ஏப்ரலில் தெரிந்தவர் ஒருவருக்கு 1,80,000 ரூபாய் கொடுத்து, புரோநோட்டு எழுதி வாங்கினேன். அடுத்த வருஷம் பத்தாயிரம் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஆளையே காணோம்.

2024 ஓணம் முடிந்து கோர்ட்டுக்குப் போனேன். எதிர்த்த டீக்கடையில் ஒருவர் தமிழில் பேச்சுக் கொடுத்தார். வக்கீல் குமாஸ்தாவாம். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அதனால் அந்தத் தமிழே பெரிய ஆறுதலாக இருந்தது. வக்கீல் நமக்காக வாதாட நாம் எழுதிக் கொடுக்கும் வக்காலத்தில் கையெழுத்து வாங்கினார். கோர்ட் கட்டணம், வக்கீல் பீஸ் என்று 22,000 ரூபாய் வாங்கினார், ரசீது கிடையாது. நோட்டின் ஜெராக்ஸ் போதும் என்றார். "அசல் உங்ககிட்டயே இருக்கட்டுங்ணா, விசாரணைல கேட்டா கொண்டு வந்தாப் போதும்." எவ்வளவு யோக்கியமான ஆள் என்று வீட்டில் வேறு சொன்னேன்!

ஒரு துண்டுச் சீட்டில் ஓ.எஸ். நம்பர், அதாவது சிவில் வழக்கு எண், எழுதிக் கொடுத்தார். அதன்பின் மாசாமாசம் வாய்தாதான். சம்மன் போயிருக்கு, எதிராளி வாங்கலை, ஜட்ஜ் லீவு.

2025 ஜூனில் தங்கச்சி மகள் போனில் வழக்கு விவரம் பார்க்கிற ஈ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து என் பெயரைப் போட்டுத் தேடினாள். வழக்கே இல்லை. கோர்ட் அலுவலகத்தில் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார்கள்: அந்த நம்பர் யாரோ அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு. வக்காலத்தில் பெயர் இருந்த வக்கீலுக்கு அந்த ஆளையே தெரியாது.

22,000 போனதுகூடப் பரவாயில்லை. கேட்டதும் தர வேண்டிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். தாண்டினால் எதிராளி வாயே திறக்காவிட்டாலும் கோர்ட் தள்ளுபடி செய்யும். என் கெடு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அந்தப் பத்தாயிரத்தை நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி அவர் கையெழுத்து வாங்கியிருந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைத்திருக்கும். ரொக்கமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அது என் முட்டாள்தனம், குமாஸ்தா மேல் போட முடியாது.

ஜெராக்ஸ் போதும் என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நோட்டை வைத்து வழக்குப் போட்டால் அசலைப் பிராதோடு, அதாவது வழக்கு மனுவோடு, தாக்கல் செய்வதுதான் முறை. வழக்குப் பதிவானால் எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடம் கொண்ட சி.என்.ஆர். நம்பர் வரும், அது அந்த ஒரு வழக்குக்கு மட்டுமே உரிய அடையாள எண். அதைக் கேட்டு வாங்கி, வாய்தா தேதியை நீங்களே போனில் பாருங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தாலுகா சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் பெயரை இங்கே கேட்காதீர்கள். ஐம்பது வயது இருக்கும், கையில் எப்போதும் பச்சை பைல். உங்களிடமும் இப்படிப் பணம் வாங்கியிருந்தால் சொல்லுங்கள், ஸ்டேஷனுக்குச் சேர்ந்தே போகலாம்.