வாக்களிப்பு றிமோட் பெட்டி: திருகோணமலைச் சங்கக் கூட்டங்களுக்குச் சரிவருமா?

கை உயர்த்தச் சொல்லி எண்ணினால் சண்டை. சீட்டெழுதி எண்ணினால் மத்தியானம் தாண்டிவிடும். இந்த இரண்டுக்கும் மாற்றாக விற்கப்படுவதுதான் வாக்களிப்பு றிமோட் பெட்டி: நாற்பது கையடக்க றிமோட், ஒரு யூ.எஸ்.பி ரிசீவர், லப்டொப்பில் போடும் மென்பொருள். கடற்றொழிலாளர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், ஆலய பரிபாலன சபை என்று எங்கும் பயன்படுத்தலாம். எண்ணும் வேலையை அது குறையில்லாமல் செய்கிறது. குழப்பம் வருவது எண்ணுவதற்கு முன்னும் பின்னும்.

ரிசீவரைப் பற்றி முதலில். இவை 2.4 கிகாஹேர்ட்ஸில் இயங்குகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசைதான். போதாக்குறைக்கு மனித உடம்பும் இந்த அலையை உறிஞ்சும். ரிசீவரை லப்டொப்பில் நேரே செருகி மேசையில் வைத்தால் முன்வரிசைக்காரரே பின்வரிசையை மறைப்பார்கள். இரண்டு மீற்றர் யூ.எஸ்.பி வயர் போட்டு, தலைக்கு மேல் உயரத்தில் கட்டுங்கள். அதற்குப் பிறகும் வாக்குகள் விடுபட்டால் சனலை (ரிசீவர் பயன்படுத்தும் அலை எண்ணை) மாற்றிப் பாருங்கள்.

பற்றரி மாதிரிக்கு மாதிரி வேறுபடும். சிலவற்றுக்கு சி.ஆர். 2032 நாணயப் பற்றரி இரண்டு வேண்டும். நாற்பது றிமோட்டுக்கு எண்பது. மூன்று ஏ (AAA, கடைக்காரர் சொல்லும் 'சின்னப் பென்சில் பற்றரி') போடும் மாதிரி பாரம் கூட, ஆனால் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் சில்லறைக் கடையிலேயே வாங்கலாம். கடற்கரை ஊரில் உப்புக்காற்று பற்றரி முனையைப் பச்சை பிடிக்க வைக்கும். கூட்டம் முடிந்ததும் பற்றரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பையுடன் இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

திரையில் தமிழ் எழுதுபவர் பாமினியில் தட்டச்சு செய்துவிட்டு, அந்த எழுத்துரு இல்லாத வேறு லப்டொப்பில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். யூனிகோட்டில் எழுதுங்கள். சிங்களமும் வேண்டிய சபைகளுக்கு அதுவே நல்லது.

இனி முக்கியமான குறை. மலிவான மாதிரிகளில் சின்ன விளக்கு மட்டும் எரியும். அது 'வாக்கு வந்து சேர்ந்தது' என்று சொல்லுமே தவிர, எதை அழுத்தினீர்கள் என்று சொல்லாது. சிறு திரையுள்ள மாதிரி அதைக் காட்டும். காசு கூடினாலும் அதையே எடுங்கள்.

பொத்தான் தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலச் சட்டசபை சாட்சி. 2012 ஜூலை 2ஆம் திகதி, நள்ளிரவை நெருங்கும் வேளை. பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பதை அனுமதிக்கும் சட்டமூலத்துக்கு ஆளுநர் பெவர்லி பேர்டியூ தடை போட்டிருந்தார். அந்தத் தடையை மீறுவதா என்பதுதான் வாக்கெடுப்பு. தடை நிற்க வேண்டும் என்றிருந்த உறுப்பினர் பெக்கி கார்னி தவறுதலாகப் பச்சையை, அதாவது 'ஆம்' பொத்தானை, அழுத்திவிட்டார். முடிவு 72க்கு 47. ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். 119 வாக்கில் அது 71.4, ஆகவே 72. அவர் சரியாக அழுத்தியிருந்தால் 71க்கு 48, தடை நின்றிருக்கும். திருத்தக் கேட்டார், முடிவை மாற்றக்கூடிய திருத்தத்துக்கு அந்தச் சபையின் விதி இடங்கொடுக்கவில்லை. மறுபரிசீலனை வாசலையும் தடையை மீற நினைத்த தரப்பு உடனேயே ஒரு பிரேரணை போட்டுப் பூட்டிவிட்டது.

அங்கே கேள்வியே இடக்குமுடக்கானது: 'வேண்டாம்' என்றதை 'வேண்டாம்' என்பதற்கு 'ஆம்' அழுத்த வேண்டும். நம் சங்கங்களிலும் 'நிர்வாக சபை நிராகரித்த முடிவை நிராகரிப்பதா' என்று பிரேரணை வரும். திரையில் அப்படிப் போடாதீர்கள். '1 அழுத்தினால் மாதச் சந்தா 200 ரூபாவாகும், 2 அழுத்தினால் 100 ரூபாவாகவே இருக்கும்' என்று விளைவை எழுதுங்கள். 3 நடுநிலை. தொடங்குமுன் ஒரு ஒத்திகைக் கேள்வி வைத்து, கொடுத்த றிமோட் எண்ணிக்கையும் வந்த வாக்கும் ஒன்றா என்று பாருங்கள். வயதானவர்கள் இருந்தால் 45 விநாடி கொடுங்கள். பெரும்பாலான மென்பொருளில், மூடும்வரை கடைசியாக அழுத்தியதுதான் கணக்கு. எனவே மூடுமுன் தலைவர் 'மாற்றுவதானால் இப்போதே' என்று சொல்லிப் பத்து வரை எண்ணட்டும். அதற்குப் பிறகு திருத்தம் உண்டா, யார் மறுபரிசீலனை கேட்கலாம் என்பதைச் சங்க யாப்பில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். எந்த மென்பொருளும் அதை உங்களுக்காக எழுதித் தராது.

நிர்வாகத் தெரிவுக்கு இதை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு றிமோட்டுக்கும் இலக்கம் உண்டு; பெயரோடு பதிந்து கொடுத்தால் இரகசியம் போச்சு. கூடையில் கலந்து, பெயர் பதியாமல், ஆளுக்கொன்றாக எடுக்கவிடுங்கள். கரன்ட் போனால் லப்டொப் தாங்கும், புரொஜெக்டர் தாங்காது. ஒவ்வொரு வாக்கெடுப்பும் முடிந்ததும் சேமியுங்கள்.

அறுபது பேருக்குக் குறைந்த சபை இதை வாங்கத் தேவையில்லை. 2017 பெப்ரவரி 18இல் தமிழ்நாடு சட்டசபை நம்பிக்கை வாக்கெடுப்பை உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுப்பி எண்ணித்தான் 122க்கு 11 என்று அறிவித்தது. (அன்றைய அமளி வேறு கதை.) கிழக்கு மாகாண சபையின் 37 பேருக்கு ஒரு பெட்டி தாராளம், ஆனால் 2017 செப்டெம்பரோடு பதவிக்காலம் முடிந்த அந்தச் சபைக்கு இன்னும் தேர்தலே நடக்கவில்லை.

நூறு பேருக்கு மேல், ஒரே நாளில் ஐந்தாறு பிரேரணை என்றால் வாடகைக்கு எடுப்பது பெறுமதி. றிமோட்டைத் தேநீர் கொடுக்குமுன் திருப்பி வாங்குங்கள். தேநீருக்குப் பிறகு பாதி சட்டைப்பையில் வீட்டுக்குப் போய்விடும்.