அசையும் தளத்தைக் கூகுளுக்குக் காட்டுவது: மருதமுனைக் கைத்தறிக் கடை அனுபவம்

இலங்கையின் கிழக்கே உள்ள மருதமுனையில் கைத்தறிச் சாரமும் (லுங்கி) சாரியும் விற்கும் ஒரு கடையின் இணையத்தளத்தைச் சில வருடங்களாகப் பார்த்துவருகிறேன். திறந்ததும் தறியின் நாடா இங்கும் அங்கும் ஓட, இழை இழையாகச் சேர்ந்து ஒரு சாரம் உருவாகும். அவ்வளவு அழகு. ஆனால் கூகுளில் கடையின் பெயரைத் தட்டினால்தான் தளம் வரும். ‘மருதமுனை சாரம்’ என்று தேடினால் வராது. பொறுப்பை என்னிடம் தந்தபோது கடைக்காரக் காக்கா (அண்ணன்) கேட்டது ஒன்றுதான்: “படம் ஓடுறத மட்டும் எடுத்துராதீங்க தம்பி.” எடுக்கத் தேவையே இருக்கவில்லை.

தளம் கூகுளுக்கு எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சேர்ச் கொன்சோலில் முகவரியைக் கொடுத்து, கூகுளுக்குக் கிடைத்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மெனுவைத் தவிர எழுத்தே இல்லை. துணிகளின் பெயரும் விவரமும் வீடியோவுக்குள்ளும் கான்வாஸிலும் (பக்கத்துக்குள் படம் வரையும் பகுதி) வெறும் படமாக இருந்தன. மிச்சம், கீழே உருட்டினால்தான் ஏறும். பக்கங்களை வாசித்துச் செல்லும் கூகுளின் போட் (தானியங்கி நிரல்) உருட்டாது, பொத்தானையும் அழுத்தாது. முன்பு அசையும் தளங்களுக்குப் பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருள் காலத்துச் சிக்கல்தான் இது. கூகுள் 2019இல் ஃபிளாஷை வாசிப்பதை நிறுத்தியது, 2020 முடிவோடு ஃபிளாஷே போய்விட்டது, எழுத்தைப் படத்துக்குள் பூட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை.

எழுத்து முழுவதையும் பக்கத்தின் அடிப்படைக் குறிமொழியான எச்டிஎம்எல்லிலேயே வைத்து, ஜிசாப் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் அசைவுக் கருவி கொண்டு அதை அசைக்கிறேன். ஏற்கெனவே பக்கத்தில் இருப்பதைத்தான் ஜிசாப் நகர்த்துகிறது என்பதால் வாசகமும் தேடுபொறிக்குத் தப்பாது. தமிழுக்கு ஒரு எச்சரிக்கை: தலைப்பை எழுத்தெழுத்தாக உடைத்துப் பறக்கவிட்டால் கொம்பும் காலும் தனியே கழன்று, புள்ளி வட்டத்தோடு தொங்கும். சொல் சொல்லாகப் பிரியுங்கள். லொட்டி என்னும் அசைவுச் சித்திரக் கோப்பு வடிவம், நாடா ஓடுவது போன்ற சித்திரத்துக்கு அருமை. எழுத்தை அதற்குள் வைக்காதீர்கள்.

நம் பகுதியில் இன்னொரு வில்லங்கம் பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துரு. பழைய விலைப்பட்டியல் அந்த எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தது. நம் கண்ணுக்குத் தமிழ். உள்ளே ‘ம’ இருக்கும் இடத்தில் இருப்பது ஆங்கில ‘கே’. கூகுளுக்கு அது தமிழே அல்ல. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றிய பிறகுதான் தமிழில் தேடியவர்கள் வரத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால், அசைவைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

முன்பு எல்லாம் ஒரே முகவரியில், ஹாஷ் (#) குறிக்குப் பின்னால் தொங்கின. அந்தக் குறிக்குப் பின் வருவதைத் தனிப் பக்கமாகக் கூகுள் எடுப்பதில்லை. இப்போது சாரத்துக்கு ஒன்று, சாரிக்கு ஒன்று எனத் தனி முகவரிகள். தலைப்பு, சுருக்கம், படம் மூன்றையும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு விடாமல் முதலில் வரும் எச்டிஎம்எல்லிலேயே வைத்தேன். வாட்ஸ்அப் முன்னோட்டம் அதைத்தான் படிக்கிறது, கடைக்கு ஓடர் வருவதும் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான்.

வேகத்தில் இன்னும் எனக்குத் திருப்தி இல்லை. திறந்ததும் தெரியும் ஆகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்கிறது கூகுள். வீடியோவுக்கு முன்னால் ஒரு சிறிய படத்தை வைத்துச் சமாளிக்கிறேன். சிக்னல் குறைந்த போனில் அதுவும் தாமதிக்கிறது. தறி வீடியோவும் தேடலின் வீடியோப் பகுதியில் வரவில்லை. வீடியோவே முதன்மையாக இருக்கும் பக்கங்களைத்தான் கூகுள் அங்கே எடுப்பதால், அதற்கென ஒரு தனிப் பக்கம் செய்துகொண்டிருக்கிறேன்.